என் மகள் பெயரில் நான் கைதான கதை

பள்ளிக்கூட அலுவலகத்தில் உட்கார்ந்து அடுத்தவர்களின் பெயர்களைத் திருத்துவதுதான் இருபத்தாறு வருடங்களாக என் வேலை. மாற்றுச் சான்றிதழில் ஒரு முதலெழுத்து இடம் மாறியிருந்தாலும் பெற்றோரைத் திருப்பி அனுப்பிவிடுவேன். "பேரு விஷயத்துல அசால்ட்டா இருக்காதீங்க. நாளைக்கு உங்க புள்ளதான் அலையும்" என்று நான் சொல்லாத நாள் கிடையாது. அதே வாயால்தான் ஒருநாள் ஒரு போலீஸ்காரம்மாவிடம் பெயரை மாற்றிச் சொன்னேன். அலைந்தது என் பிள்ளை.

சிரித்துக்கொண்டே எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வீட்டில் மற்ற இருவரும் எப்போதோ சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு மட்டும், ஸ்டேஷன் என்ற சொல்லைக் கேட்டால் இன்னும் உள்ளங்கை வேர்க்கிறது.

ஒன்பது வருடங்களுக்கு முன்பு, கோடை தொடங்கிய நேரம். ஆத்தூர் நீர்த்தேக்கம் வற்றி, எங்கள் தெருக் குழாயில் இருபது நாளாகக் காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. (அதுவும் முறை வைத்துத்தான்.) பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா தலைமையில், தெருப் பெண்கள் எல்லோரும் காலிக்குடங்களோடு மெயின் ரோட்டில் உட்காருவது என்று முடிவானது. அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை பார்ப்பவள் மறியலுக்குப் போகக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ரோஷம் விடவில்லை. 'கடுமையான வயிற்று வலி' என்று தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். வீட்டுப் பிளாஸ்டிக் குடம் வெளுத்துப் போயிருந்ததால், பரணிலிருந்த புது எவர்சில்வர் குடத்தை இறக்கித் துடைத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன். மறியலுக்குப் போகிறவள் மாதிரி இல்லை, சீர் கொண்டுபோகிறவள் மாதிரி இருந்தேன்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்போம். போலீஸ் வந்து எங்கள் முப்பது பேரையும் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் இறக்கியது. மறியல் செய்தவர்களை மண்டபத்தில் வைத்து, மத்தியானம் சோறு போட்டு, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிடுவது நம் பக்கத்து வழக்கம்தானே. தக்காளி சாதமும் உருளைக்கிழங்கு வெஞ்சனமும் கொடுத்தார்கள். நான் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். (மொய் எழுதாத குறை.)

கை கழுவிவிட்டு வந்தபோதுதான், ஒரு போலீஸ்காரம்மா நீளமான நோட்டுடன் ஒவ்வொருவரிடமாகப் பெயர் எழுதிக்கொண்டு வருவதைப் பார்த்தேன். அந்த நிமிடம் எனக்கு உண்மையிலேயே வயிற்றை வலித்தது. பெயர் எழுதினால் பள்ளிக்குத் தகவல் போகும், வயிற்று வலியோடு எவர்சில்வர் குடத்துடன் ரோட்டில் உட்கார்ந்தது எப்படி என்று கேட்பார்கள். இன்னொரு பக்கம், மணி நாலு ஆகப்போகிறது. ஒன்பதாவது படிக்கும் என் ஒரே மகள் நிவேதா பள்ளி விட்டு வந்து பூட்டிய வாசலில் நிற்பாள். சாவி என் இடுப்பில் இருக்கிறது. நிவேதா, நிவேதா என்று மனசு அடித்துக்கொண்டிருந்தபோது போலீஸ்காரம்மா என் முன்னால் வந்து நின்றார்.

"பேரு?"

"நிவேதா."

உடனே திருத்தியிருக்கலாம். ஆனால் ஒரு கணம் யோசித்ததில் அது பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தோன்றியது. என் பெயரும் மாட்டாது, அடுத்தவர் பெயரையும் மாட்டிவிடவில்லை. நோட்டில் அப்பா பெயருக்கும் வீட்டுக்காரர் பெயருக்கும் ஒரே கட்டம்தான். தங்கவேல் என்று என் கணவர் பெயரைச் சொன்னேன். தெருப் பெயரையும் சரியாகச் சொன்னேன். வயது கேட்டபோது முப்பத்தைந்து என்றேன். எனக்கு அப்போது நாற்பத்தொன்று. (பெயரையே மாற்றியாகிவிட்டது, வயதை மட்டும் ஏன் விட்டுவைப்பது?) போலீஸ்காரம்மா என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுபேச்சு இல்லாமல் முப்பத்தைந்து என்று எழுதிக்கொண்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று எனக்குச் சந்தோஷம் தந்தது அது ஒன்றுதான்.

சாயங்காலம் விட்டுவிட்டார்கள். நாலாம் நாள் தண்ணீர் வந்தது. நான் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன்.

நிவேதா வளர்ந்தாள், பட்டம் முடித்தாள். இரண்டு வருடம் விடியற்காலையில் மைதானத்தில் ஓடி, எழுத்துத் தேர்வு, உடல் தேர்வு எல்லாம் தாண்டி, இரண்டாம் நிலைச் சிறைக் காவலர் பணிக்குத் தேர்வானாள். பூ மார்க்கெட்டில் தரகு வேலை பார்க்கும் என் கணவர் அன்று வருவோர் போவோருக்கெல்லாம் மல்லிகைப் பூவை அள்ளிக் கொடுத்தார். இனி பாக்கி இருந்தது நன்னடத்தை விசாரணை ஒன்றுதான். அதற்கான படிவத்தில், உங்கள் மீது எப்போதாவது குற்ற வழக்கு பதிவாகியிருக்கிறதா என்று ஒரு கேள்வி. நிவேதா அதை என்னிடம் சத்தமாக வாசித்துக் காட்டிச் சிரித்தாள். 'இல்லை' என்று அழுத்தி எழுதினாள். நானும் கூடச் சிரித்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஸ்டேஷனில் கூப்பிட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் போனோம். ஏட்டு நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "என்னம்மா, உங்க பேருல ஒரு மறியல் கேஸு நிக்கிதே. படிவத்துல இல்லைன்னு எழுதியிருக்கீங்க?" என்றார்.

நிவேதா திகைத்துப் போனாள். தான் எந்த மறியலுக்கும் போனதில்லை என்றாள். வயது முப்பத்தைந்து என்று போட்டிருக்கிறதே, ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் சின்னப் பிள்ளையல்லவா என்று வாதாடினாள். வயது எழுதும்போது தப்பு விழுந்திருக்கலாம், பெயர், அப்பா பெயர், தெரு மூன்றும் ஒத்துப்போகிறதே என்றார் ஏட்டு. வழக்கு இருப்பதைவிட, வழக்கை மறைத்ததாக ஆகிவிட்டால்தான் வேலை போய்விடும் என்றும் சொன்னார். என் கணவர் கம்ப்யூட்டரைத் திட்டினார். நான் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சொல்லியிருக்க வேண்டும். அப்போதும் சொல்லவில்லை. இரண்டு நாள் அவள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் தட்டில் சோறு போட்டுக்கொண்டு போய், "யாரு பண்ணுன வேலையோ அப்பு, நீ சாப்புடு" என்று தேற்றினேன். இதைத்தான் என்னால் இன்றைக்கும் சிரித்துக்கொண்டு சொல்ல முடிவதில்லை.

யாருக்கும் தெரியாமல் நானே காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ரெட்டியார்சத்திரத்தில் தக்காளி போடும் என் அண்ணனுக்குக் கோர்ட் அனுபவம் உண்டு. பல வருடங்களுக்கு முன்பு தோப்பில் சீட்டாடி மாட்டியவர். எங்கள் பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு அம்மாவுக்காகக் கேட்பதாகச் சொல்லி அவருக்குப் போன் செய்தேன்.

"இம்புட்டுத்தானா? நேரா கோர்ட்டுக்குப் போயி, ஆமாங்கய்யா செஞ்சேன்னு ஒத்துக்கிட்டு, அபராதத்தக் கட்டிட்டு வரச் சொல்லு. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துரலாம். நான் அப்படித்தான் வந்தேன்" என்றார் அண்ணன்.

திட்டம் உருவாகிவிட்டது. நிவேதா என்ற பெயரில் நானே போய் நிற்பது, குற்றத்தை ஒத்துக்கொள்வது, அபராதம் கட்டுவது, வழக்கை முடிப்பது. பட்டியலில் முப்பத்தைந்து என்று இருப்பதால் இப்போது நாற்பத்துநாலாகத் தெரிய வேண்டுமே என்று, முதல் வேலையாகத் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டேன். பள்ளிக்கு மறுபடியும் ஒரு விடுப்பு விண்ணப்பம். (இந்த முறை தலைவலி. வயிற்று வலி ராசியில்லை என்று தோன்றியது.)

கோர்ட் வராந்தாவில் கூட்டமும் புழுக்கமும். காது ஓரமாக ஏதோ வழிகிறதே என்று கைக்குட்டையால் துடைத்தால் கறுப்பாக வந்தது. வாசலில் நின்று பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த டவாலியிடம் மெதுவாகப் போனேன்.

"குத்தத்த ஒத்துக்கலாம்னு வந்திருக்கேங்க."

அவர் எனக்குப் பின்னால் போலீஸ் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை.

"யாரு கூட்டிட்டு வந்தாக?"

"நானாத்தான் வந்தேன்."

"கேஸ் நம்பரு?"

"தெரியாதுங்க. ஒம்போது வருசம் ஆச்சு."

"நம்பர் இல்லாம எதம்மா ஒத்துக்குவீங்க? பேரச் சொல்லுங்க."

"நிவேதா" என்றேன். இரண்டாவது முறையாக.

அவர் உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார். அப்படி ஒரு பெயரில் கோர்ட்டில் வழக்கே இல்லை என்றார். எனக்குக் கோபம் வந்தது. நன்றாகத் தேடிப் பாருங்கள், ரோட்டை மறித்தேன், நிச்சயமாக மறித்தேன், முப்பது பேர் சாட்சி இருக்கிறார்கள் என்று வாதாட ஆரம்பித்தேன். வராந்தாவில் கைவிலங்கோடு நின்றிருந்த ஒரு பையன்கூட என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"ஆபீஸ் மேடம்?"

திரும்பினால் கறுப்புக் கோட்டில் ஒரு பெண். எங்கள் பள்ளியில் படித்த ஹசீனா. அவள் அத்தாவுக்கு டவுனில் தோல் வியாபாரம். வக்கீலாகி, கோர்ட்டில் இருக்கும் இலவச சட்ட உதவி அறையில் உட்காருகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"தெரிஞ்சவங்களா மேடம்? பேரு நிவேதாவாம். குத்தத்த ஒத்துக்காமப் போக மாட்டேங்குறாக" என்றார் டவாலி.

"நிவேதாவா? இவங்க மகேஸ்வரி மேடம். என் டி.சி. எழுதுனவங்க" என்றாள் ஹசீனா.

பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று நின்றேன். ஹசீனா என் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய், தண்ணீர் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு, என்ன விஷயம் என்று கேட்டாள். எவர்சில்வர் குடத்திலிருந்து தலைச்சாயம் வரைக்கும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மேடம், இன்னைக்கு கேஸ் இங்க இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா? நூறு ரூபா அபராதம்னாலும் அது தண்டனைதான். நிவேதா தண்டனை வாங்குனவன்னு பதிவாகியிருக்கும். காலத்துக்கும் அழியாது. அப்புறம் வேற ஆள் பேருல கோர்ட்டுல நிக்கிறது ஆள்மாறாட்டம். அதுக்கு மூணு வருசம் வரைக்கும் உள்ள போடலாம்."

நான் சாயம் வழிய உட்கார்ந்திருந்தேன்.

"உங்க மக சிறைக் காவலரு. மொத ஆளா உங்களத்தான் பூட்டியிருப்பா" என்றபோதுதான் அவள் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது.

பிறகு ஒவ்வொன்றாக விளக்கினாள். எஃப்.ஐ.ஆரில் பெயர் இருப்பதால் ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை, குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். பெயர் இருப்பவர் அதன் நகலைக் கேட்டு வாங்கலாம், அது உரிமை. இவ்வளவு சிறிய வழக்கில் ஒரு வருடத்துக்குள் குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்கு வந்திருக்க வேண்டும். வரவே இல்லை. அதனால் இனி எந்தக் கோர்ட்டும் அதை எடுக்க முடியாது. ஆனால், ரத்து செய்யுங்கள் என்று யாராவது போய்க் கேட்கும்வரை ஸ்டேஷன் பதிவேட்டில் அது அப்படியே நிற்கும். மதுரையில் உயர் நீதிமன்றக் கிளையில் மனுப் போட வேண்டும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்ட உதவி இலவசம், வெட்கப்படாமல் கேட்டிருக்கலாம் என்றாள்.

"கேஸே இல்லாத கோர்ட்டுக்கு வந்து குத்தத்த ஒத்துக்கிட்ட ஆள நான் இப்பத்தான் பாக்குறேன் மேடம்" என்று எழுந்தவள், கதவைத் திறக்கும்போது நின்றாள். "என் பேருல ஒரு எழுத்து விட்டுப்போச்சுன்னு எங்க அத்தாவ மூணு தடவ நடக்க விட்டீங்க. ஞாபகம் இருக்கா? சரி, அத விடுங்க. மொதல்ல வீட்டுக்குப் போயி மகள்ட்ட சொல்லுங்க. மனு அதுக்கப்புறம்."

சொன்னேன். சமையலறை வாசலில் நின்றபடி, தலையைக் குனிந்துகொண்டு, அவள் பெயர் எப்படி என் வாயில் வந்தது என்பதில் ஆரம்பித்து முழுவதையும் சொன்னேன். நிவேதா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"ரெண்டு நாளா நான் அழுததப் பாத்துக்கிட்டே இருந்தியேம்மா" என்றாள். அவ்வளவுதான்.

என் கணவர்தான் ரொம்ப யோசித்துவிட்டு, "நாப்பத்தொன்னு வயசுல முப்பத்தஞ்சுன்னு சொல்லியிருக்க. அந்தம்மா நம்பி எழுதியிருக்கு பாரேன்" என்றார். நிவேதா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். அந்த மனிதர் முப்பது வருடத்தில் எனக்குச் செய்த உதவிகளில் அதுதான் பெரியது.

ஹசீனா எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கிவிட்டு எங்களைக் கூப்பிட்டாள். முப்பது பெயர்கள். ஏழாவதாக நிவேதா. நான் விரல் வைத்து வாசித்துக்கொண்டே வந்து பன்னிரண்டாவது பெயரில் நின்றேன். 'மகேஸ்வரி, வயது 52, தங்கவேல்', அதே தெரு.

நான் எந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காக மகளைப் பலி கொடுத்தேனோ, அந்தப் பெயர் ஒன்பது வருடங்களாக அங்கேயே இருந்திருக்கிறது. மண்டபத்தில் என் பெயரை யார் சொன்னது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. தெருவில் ஐம்பத்திரண்டு வயது அப்போது ஒருத்திக்குத்தான். நேராகப் பாக்கியம் அக்கா வீட்டுக்குப் போனேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஆமா மகேசு, நாந்தான் சொன்னேன். எனக்குத் தம்பி மகன் போலீஸுல இருக்கான், அவனுக்குத் தெரிஞ்சா வையுவான். நீ கெவுருமெண்டு சம்பளம் வாங்குறவ, உன்னைய யாரு என்ன செஞ்சுரப்போறானுகன்னு சொல்லிட்டேன்" என்றாள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என்ன தைரியத்தில் அடுத்தவள் பெயரைச் சொல்வாய் என்று கேட்க வாயைத் திறந்தேன். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆயத் தொடங்கினேன். வேறு என்ன செய்ய முடியும்? (அக்கா என் வயதையாவது குறைத்துச் சொல்லியிருக்கலாம்.)

அடுத்து வேண்டியிருந்தது, மறியல் நடந்த அன்று நிவேதா பள்ளியில் இருந்தாள் என்ற சான்று. அவள் படித்தது எங்கள் பள்ளியில்தான். வருகைப் பதிவேடு பத்திரமாக இருந்தது. நானே கட்டி, தூசி தட்டி வைத்தது. அன்று அவளுக்கு இரண்டு வேளையும் வருகை பதிவாகியிருந்தது. ஆனால் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவர் தலைமையாசிரியை. எதற்கு என்று சொல்லாமல் வாங்க முடியாது. ஒன்பது வருடங்களுக்கு முன்பு எந்த மேசைக்குப் பயந்து பொய் சொன்னேனோ, அதே மேசைக்கு முன்னால் போய் நின்று உண்மையைச் சொன்னேன். என் விடுப்பு விண்ணப்பத்தை அன்று வாங்கிக்கொண்டு, "மோர் குடிங்க" என்று அனுப்பி வைத்தவரும் அவர்தான். அப்போது உதவித் தலைமையாசிரியை. முழுவதையும் கேட்டார். கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். தாளை என்னிடம் நீட்டும்போது மட்டும் கேட்டார்.

"வயித்து வலி இப்ப எப்படி இருக்கு?"

மதுரைக் கிளையில் மனுப் போட்டோம். பெயரை மாற்றிச் சொன்னது நான்தான் என்று பிரமாண வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இது உங்கள் பக்கமே திரும்பினாலும் திரும்பும், யோசித்துக்கொள்ளுங்கள் என்று ஹசீனா எச்சரித்தாள். யோசிக்க ஒன்றும் இல்லை. சில மாதங்களில் எஃப்.ஐ.ஆர். முழுவதும் ரத்தானது. எங்கள் தெருவில் மீதிப் பேருக்குத் தங்கள் மேல் ஒரு வழக்கு இருந்ததும் தெரியாது, அது போனதும் தெரியாது. என் மேல் நடவடிக்கை எதுவும் வரவில்லை. உத்தரவில் என் பெயர் முதலெழுத்தோடு, பிழையில்லாமல் அச்சாகியிருந்தது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் அந்தச் சில மாதங்களில் முதல் அணி பயிற்சிக்குப் போய்விட்டது. நிவேதா அடுத்த அணியில்தான் சேர்ந்தாள். அவளோடு மைதானத்தில் ஓடிப் பழகிய தோழி இன்று அவளுக்கு சீனியர். "உன்னாலதான்மா, அவளப் பாத்தா சல்யூட் அடிக்க வேண்டியிருக்கு" என்று நிவேதா விளையாட்டாகத்தான் சொல்கிறாள். நான் விளையாட்டாக எடுத்துக்கொண்டதாக நடிக்கிறேன்.

அன்றிலிருந்து வீட்டு வாசலில் கூரியர்காரர் நின்று பெயர் கேட்டால் என் கணவர் உள்ளே இருந்து, "அவசரப்படாம யோசிச்சுச் சொல்லு" என்று குரல் கொடுப்பார். ஆஸ்பத்திரியில் டோக்கன் போடும்போது என் வயதை அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார். மாதமும் சேர்த்து.

பயிற்சிப் பள்ளியில் பெற்றோர் பார்க்க வரலாம் என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை, முறுக்கும் மல்லிகையும் எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். வாசலில் காவலுக்கு இருந்த பெண் ஒரு பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். முதலெழுத்து, பெயர், கணவர் பெயர், வயது ஐம்பது, கதவு எண், தெரு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதினேன்.

"பேரு மட்டும் போதும்மா. வயசெல்லாம் கேக்கல" என்றார் அவர்.

அதற்குள் மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து நிவேதா வந்துவிட்டாள். காக்கிச் சட்டை, ஒட்ட வாரிய தலை. என்னைப் பார்த்தாள், பதிவேட்டைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, இவங்க சொல்றத அப்படியே எழுதிக்காதீங்க. ஆதாரை வாங்கிப் பாத்துட்டு உள்ள விடுங்க."

நான் ஏற்கெனவே அதைக் கையில் எடுத்து வைத்திருந்தேன்.